கேமராவுக்குத் திறந்த கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா?

இங்கே ஒரு வேடிக்கை. என் சக்கர நாற்காலி நுழையும் ஒரே கழிப்பறையில் கம்பெனிக்காரர்கள் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். போன வாரம் அதிகாரிகள் பார்வையிட வந்ததும் பெட்டிகள் வெளியேறின. அந்த வாசலில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிம்மா," என்றார் மேனேஜர். சிரித்தேன். அவர்கள் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் பெட்டிகள் திரும்பிவிட்டன. கேட்டதற்கு, "உன் ஒருத்திக்காக ஒரு ரூமையே காலியா போட முடியுமா?" என்றார் மேனேஜர். அந்தப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவதே நான்தான்.

சக்கரம் தள்ளி உள்ளங்கை காய்த்துப்போயிற்று. உன் பழைய புடவையில் இரண்டு ஜோடி கையுறை தைத்து அனுப்பு. இத்துடன் இருக்கும் போட்டோவை அப்பாவிடம் காட்டு.

கம்பெனி வேன் வந்துவிட்டது. போனில், "தண்ணி நல்லா குடிக்கிறியா?" என்று மட்டும் இனிக் கேட்காதே அம்மா. தினமும் பொய் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து, தங்கியிருக்கும் ரூமுக்கு வந்துதான் முதல் வாய் குடிக்கிறேன்.

உன் மகள்