ஆறாத எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. எங்கள் ஆலையில் லிஃப்டைத் தாங்கிச் சுழலும் எஃகு அச்சுகளைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். சட்டென்று ஆறினால்தான் கெட்டிப்படும். மெதுவாக ஆறினால் உள்ளே மென்மையான புள்ளிகள் முளைத்துப் பரவிவிடும். போன வாரம் என்னிடம் சோதனைக்கு வந்த அச்சுத் துண்டில், மைக்ராஸ்கோப்பில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தேன்.

முதலில் உலைக்காரர்மேல்தான் சந்தேகம். "உடனே முக்கினேம்மா, சத்தியமா!" என்றார். நம்பாமல் பக்கத்திலேயே நின்றேன். உடனேதான் முக்கினார். ஆனால் எண்ணெயே அனலாகக் கொதித்தது. அதை ஆற்றும் பம்ப்பை, கரண்ட் செலவை மிச்சம் பிடிக்க மேனேஜர் நிறுத்தி வைத்திருந்தார்.

கேட்டதற்கு அவரே ஓர் அச்சுத் துண்டைக் கொண்டுவந்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, கையெழுத்துப் போடு." அதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. லாரியில் ஏற்ற வைத்திருந்த பெட்டியிலிருந்து நானே ஓர் அச்சை எடுத்து அறுத்துப் பார்த்தேன். உள்ளே புள்ளிகள் வளர்ந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. முதலாளிக்கே போன் செய்தேன். லாரி கிளம்பவில்லை.

இப்போது மேனேஜர் தினமும், "சாப்பிட்டியாம்மா?" என்கிறார். என்ன திடீர்க் கரிசனமோ! என் டிராயருக்கு நல்ல பூட்டு ஒன்று அனுப்பு. உன் போர்வையையும் அனுப்பு, துவைக்க வேண்டாம்.

இன்று உலைக்காரர் ஓர் ஆப்பிளை அறுத்துப் பாதியை நீட்டினார். அவர் தன் பாதியைக் கடிக்கும்வரை நான் வாயில் வைக்கவில்லை. மனுஷர் கவனித்துவிட்டார், அம்மா. என் பாதியிலும் ஒரு கடி கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்