இடப்பக்கம் திரும்பாத கழுத்து

தம்பிக்கு,

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அம்மாவின் கருமக்கிரியையில் நீ என் இடப்பக்கம் உட்கார்ந்து, "அண்ணே" என்று கூப்பிட்டாய். நான் திரும்பவில்லை. மொட்டைத் தலையோடு செமினியில் இருக்கும் என் வீட்டுக்குப் போனவன், பிறகு நீ இருக்கும் கிள்ளான் பக்கமே வரவில்லை.

அன்று கழுத்தில் தாங்க முடியாத வலி. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் கழுத்து வலிக்குப் பிசியோதெரபி சிகிச்சைக்குப் போகிறேன். "கழுத்த விடுங்க அங்கிள், வயித்துலதான் பலமில்ல. படுங்க லா," என்கிறாள் அங்கே பயிற்சி தரும் சுதர்சினி. மல்லாந்த கரப்பான்பூச்சி போல எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி மடக்குகிறேன்.

"மூச்ச அடக்காதீங்க. யார் மேல இவ்ளோ கோவம்?"

உன் மேல்தான். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதத்தில் நீ வந்தது மூன்றே தடவை. அதை மறக்க மாட்டேன்.

நேற்று கழுத்து இடப்பக்கம் முழுதாகத் திரும்பியது. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அப்போதிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று கழுத்து திரும்பாவிட்டால் என்ன, உடம்போடு திரும்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் திரும்பவில்லை.

அடுத்த மாதம் அம்மாவின் திவசத்துக்கு வா. இடப்பக்கமே உட்கார்.

'அன்புள்ள அண்ணன்' என்று எழுத இன்னும் கை வரவில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.