நோட்டில் நான் போடாத கட்டம்

என் அருமை அக்கா,

நீ போய் ஐந்து மாதமாகிறது. உலு திராம் திடலில் நம் நடைக் கூட்டம் இன்னும் காலையில் சுற்றி வருகிறது. உன் வேகம் யாருக்கும் வரவில்லை. நான் வழக்கம்போல் கடைசி.

எனக்குச் சர்க்கரை ஏறியபோது நீதான் வாசலில் வந்து நின்றாய். "வாடா வாத்தியாரே, ஒக்காந்து ஒக்காந்து மூட்டையாயிட்ட, சப்பாத்த மாட்டு, நடக்கப் போவோம்!" வெந்தயமும் கருஞ்சீரகமும் வறுத்து இடித்து, பிஸ்கட் டின் நிறையக் கொடுத்தாய். நான் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: நடந்த சுற்று, தின்ற பொடி, காலைச் சர்க்கரை. எண் இறங்க இறங்க நோட்டைப் பிடுங்கித் திடலில் எல்லாருக்கும் காட்டினாய்.

"என் தம்பி சயன்ஸ் வாத்தியார் லா, சும்மா எழுதமாட்டான். நடையும் பொடியும் போதும். மாத்திரை எதுக்கு?"

அதே மாதம் கிளினிக்கில் என் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள், அக்கா. அதற்கு நான் கட்டம் போடவில்லை.

ஏன்? மாத்திரை சாப்பிடுகிறவர்களை 'நடமாடும் மருந்துக்கடை' என்பாய். உன் பொடியால் நான் தேறினேன் என்று பூரித்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. எழுதும்போதே இதுவும் சாக்குதானோ என்று தோன்றுகிறது. சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் அலமாரியை ஒதுக்கினோம். சேலைகளுக்கு அடியில் உன் இரத்த அழுத்த மாத்திரைகள், அட்டை அட்டையாக, பிரிக்காமலே. அவற்றோடு என் நோட்டின் ஒரு பக்கம், ஜெராக்ஸ் எடுத்து மடித்து வைத்திருந்தாய்.

"மாமா, இது உங்க கையெழுத்துதானே?" என்று உன் மகள் கேட்டாள்.

ஆமாம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

உன் மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததற்கு மாத்திரையை விட்டதுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். "அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. ஆனா விட்டிருக்கக் கூடாது" என்றார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை.

நடை நல்லதுதான், இப்போதும் என் மூச்சு சொல்கிறது. பொடியும் கொஞ்சம் உதவியிருக்கலாம். எவ்வளவு என்று என் நோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஆக்கியவன் நான்.

நேற்று திடலில் உன் நடைத் தோழி பரமேஸ்வரி என் முன் வந்து நின்றாள். "சார், அந்த நோட்டுப் பக்கம் எனக்கும் ஒரு காப்பி குடுங்க. அக்காவுக்கு விதி, என்ன செய்ய? உங்களுக்கு வேலை செஞ்சிச்சில்ல! திங்கக்கிழமையிலேருந்து நானும் மாத்திரைய நிப்பாட்டப் போறேன்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அக்கா, அப்போதுகூட வாய் திறக்கவில்லை. எத்தனை பேருக்கு இப்படித் தலையாட்டுவேன்?

நாளை ஞாயிறு. இந்தக் கடிதத்தைத் திடலில் எல்லார் முன்னும் வாசிக்கப் போகிறேன். உன் மகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. நடுவில் நிறுத்தமாட்டேன். பரமேஸ்வரியின் கையில் நான்காவது கட்டம் போட்ட நோட்டையே கொடுப்பேன். திங்கட்கிழமை அவளைக் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இரண்டையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் சொன்ன,
உன் தம்பி