நெஸ்டாவின் தகப்பன் கப்பலில் போனவரா?

அன்புள்ள சிவநேசன் அண்ணை,

நீங்கள் கண்மூடிய பிறகு நம் இதழ் இன்னும் ஒன்றுகூட வரவில்லை. வரப்போகும் இதழில் உங்கள் கடைசிக் கட்டுரையைப் போடுகிறேன், வேல்ஸ் நாட்டு ஓவியர் நெஸ்டாவைப் பற்றி எழுதினீர்களே, அதை. எனக்கு அனுப்பிவைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு தடவைகூடச் சண்டை போடாமல் போய்விட்டீர்கள். இது நியாயமா?

சரிபார்க்காமல் நான் எதையும் அச்சுக்கு விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் சேர்ந்து பார்த்த அவருடைய ஓவியக் கண்காட்சியில் விற்ற கையேடு, நெஸ்டா ஒரு துறைமுக ஊரில் பிறந்தார், தகப்பன் போதகர் என்கிறது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகமோ, மலைக் கிராமத்தில் பிறந்தார், தகப்பன் கல் குவாரியில் வேலை செய்தவர் என்கிறது. நீங்கள் இரண்டையும் எழுதவில்லை. ‘கடலைத் தெரிந்த ஒரு மனுஷனின் மகள்’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். எங்கிருந்து எடுத்தீர்கள்? ஓரத்தில்கூட ஒரு குறிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லா கூர்னெவ்வில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு ரயில் ஏறினேன். யோகம் அக்கா சுகமாக இருக்கிறார். உங்கள் நாற்காலியில் இப்போது துணி மடித்து வைக்கிறார். முதல் வரியை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, மடித்த துணியைக் கீழே வைத்தார்.

“கப்பலிலை போனது இவரின்ரை அப்பாதான் தெரேஸ். சரக்குக் கப்பல். கடைசிக் காலத்திலை இவருக்குத் தகப்பன்ரை நினைவு கூடிப்போச்சு. அதைத்தான் இதுக்குள்ளை போட்டிட்டாரோ தெரியேல்லை.”

“அப்படித்தான்க்கா எனக்கும் தோணுது.”

“அதுக்காக வெட்டிப்போடாதைங்கோ.”

“விசாரிக்காம வெட்டமாட்டேன்.”

திரும்பி வரும்போது ரயிலில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை என்றால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையின் முதல் வரியை எப்படி வெட்டுவது?

கண்காட்சி நடத்திய கலைக்கூடத்துக்கு எழுதிக் கேட்டேன். நெஸ்டாவுக்கு அண்ணன் மகள் ஒருவர் இருக்கிறாராம். என் கேள்வியை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். போன வாரம் அவரே கூப்பிட்டார். அங்கே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர், என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். நான் அப்போது ரூ காய் தெருவில், தமிழ்க் கடையொன்றில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பையோடு ஒரு சேலைக்கடை வாசலில் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

“ரெண்டு தொழிலும் உண்மைதான். தாத்தா வாரநாளில் குவாரியில் கல் வெட்டுவார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுவார்,” என்றார்.

பிறந்த ஊரைக் கேட்டேன். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருப்பார்கள், அதனால்தான் இரண்டு ஊர் என்று நம் ஊர் வழக்கப்படி நானாக ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார். பிறந்தது மலைக் கிராமத்தில்தானாம். பிறப்பைப் பதியும் அலுவலகம் துறைமுக ஊரில் இருந்ததால் பத்திரத்தில் அந்தப் பெயர் ஏறிவிட்டது.

“உங்கள் தாத்தா எப்போதாவது கப்பலில் போனாரா?” என்று கடைசியாகக் கேட்டேன்.

“போன வசந்தகாலத்தில் பாரிஸிலிருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டு இதையேதான் கேட்டார். நீங்கள் அவருக்கு உறவா?” என்றார்.

தங்கச்சி என்று சொல்லிவிட்டேன்.

“எப்படி இருக்கிறார்?”

என்ன சொல்வேன், அண்ணை? உள்ளதைச் சொன்னேன். அவர் மெதுவாக வருத்தம் தெரிவித்தார். பிறகு, நீங்கள் பேசியதையெல்லாம் ஆசையோடு சொல்ல ஆரம்பித்தார். கண்காட்சியில் ஒரு துறைமுகப் படத்தின் முன்னால் நீங்கள் நகராமல் நின்றீர்களே, கால் வலிக்கிறதோ என்று நினைத்து நான்கூடக் காப்பி குடிக்கக் கூப்பிட்டேனே, அந்தப் படத்தைப் பற்றித்தானாம் பேச்சு. ‘பாய்மரக் கயிற்றை இவ்வளவு சரியாக யார் இவருக்குக் காட்டிக்கொடுத்தது? என் அப்பா கட்டுகிற மாதிரியே முடிச்சுப் போட்டிருக்கிறது’ என்று கேட்டீர்களாம்.

கல்யாணத்துக்கு முன்னால் தாத்தா சில காலம் கல் ஏற்றும் கப்பல்களில் போயிருக்கிறார். அப்போது நிறையக் குடிப்பாராம். போதகரான பிறகு வீட்டில் யாரும் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசக்கூடாது. மகளுக்கு மட்டும், கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றில் முடிச்சுகள் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

“புத்தகம் எழுதியவர்கள் என்னிடம் பிறந்த தேதியைக் கேட்டார்கள். கயிற்றைப் பற்றிக் கேட்டவர் உங்கள் அண்ணன் ஒருவர்தான்,” என்றார் அந்தம்மா.

அங்கிருந்தே யோகம் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அப்ப இவர் சும்மா எழுதேல்லை,” என்றார். அழுதாரா, சிரித்தாரா, எனக்குப் பிடிபடவில்லை.

முதல் வரி அப்படியே வருகிறது, அண்ணை. ஒரு எழுத்தைத் தொடவில்லை.

ஆனால் கட்டுரைக்குக் கீழே உங்களைப் பற்றி இரண்டு வரி எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. நீங்கள் பிறந்த ஊர் எது? பாரிஸுக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? உங்கள் அப்பா எந்தத் துறைமுகங்களைப் பார்த்தார்? இத்தனை வருஷம் கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். இதையெல்லாம் ஒரு நாளாவது கேட்டேனா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் யோகம் அக்காவிடம் போகிறேன். அவருக்குத் தெரியாததை உங்கள் தம்பியிடம் கேட்பேன். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடிப் பிடிப்பேன். உங்களைப் பற்றி இந்த இதழில் பிழையாக ஒரு சொல் வராது.

இப்படிக்கு,
கேட்காமலே தங்கச்சியாகிவிட்ட
தெரேஸ்
லா ஷப்பேல், பாரிஸ்