பன்னிரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு வாய்ச்சொல்லும்

பாலையூற்று,
திருகோணமலை.
14.09.1997

அன்பு மகள் மக்டலினுக்கு,

லூர்து மாதாவின் துணையால் நீயும் மருமகனும் குஞ்சும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் என் பேனை பழகியிருக்கிறது, இந்தமுறை அப்படி எழுத மனம் வரவில்லை. அம்மாவுக்குப் பிறசர் கூடி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், இப்போது வீட்டில்தான், குசினிக்குள் போகிறார், அடுப்பை மூட்டுகிறார், எதற்கு மூட்டினோம் என்று மறந்துபோய் நிற்கிறார். நீ அனுப்பிய குளிசை வந்து சேர்ந்தது. உன் தம்பி பற்றிக்கை ஆமி பிடித்ததை நல்லம்மா அக்காவின் மகன் உனக்கு ரெலிபோனில் சொன்னதாக அறிந்தேன். அவனுக்குத் தெரிந்தது பாதி. மற்றப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும், அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

தம்பியைக் கொழும்புக்கு அனுப்பியது நான். கடையில் திருத்த வந்த றேடியோக்கள் குவிந்து கிடந்தன, உள்ளே போடச் சாமான் இல்லை. டிரான்சிஸ்டர் பன்னிரண்டு, டயோட் இருபது என்று நம்பரோடு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது கந்தளாயில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். பார்சலில் என்ன என்று கேட்க, இவன் டிரான்சிஸ்டர் என்றிருக்கிறான். ஊரில் டிரான்சிஸ்டர் என்றால் முழு றேடியோவும் அதுதான், அதற்குள் இருக்கிற சின்னச் சாமானும் அதுதான். ஆமிக்காரன் றேடியோ என்று நினைத்து அவிழ்த்திருக்கிறான். அவன் கண்டது மிளகளவில் மூன்று கால் வைத்த கறுப்புச் சாமானும், பி.சி. 547, ஒன் என் 4007 என்று என் கையெழுத்தில் ஒரு துண்டும். பொய் சொல்கிறான், இது குண்டுக்குப் பூட்டுகிற சாமான், துண்டில் இருப்பது இரகசிய நம்பர் என்று கொண்டுபோய்விட்டார்கள்.

நாலாம் நாள் முகாமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையானவர், கதிரை தந்தார். முகாமுக்கு மரக்கறி கொடுக்கிற குறிஞ்சாக்கேணி சரீப்புக்குச் சிங்களம் தெரியும் என்பதால் இரண்டு பக்கமும் கதையை மொழிபெயர்த்துச் சொல்ல அவரை நிறுத்தியிருந்தார்கள். பாடாத றேடியோ ஒன்றை முன்னால் வைத்து, உங்கள் சாமான் றேடியோவுக்குத்தான் என்றால் இதைப் பாடவையுங்கள் என்றார். மீற்றரை வைத்துப் பார்த்தேன். நல்ல டிரான்சிஸ்டர் என்றால் மீற்றருக்கு இரண்டு டயோட்டை முதுகோடு முதுகு ஒட்டினதுபோலத் தெரியும், ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் ஓடாது. அதில் ஒன்று இரண்டு பக்கமும் ஓடியது, செத்துப்போன சாமான். பற்றிக் வாங்கி வந்ததில் ஒன்றை எடுத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன், றேடியோ பாடியது. அதிகாரி சிரித்தார், தேத்தண்ணி வந்தது. இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். நடுக்காலில் ஒரு துளி மின்சாரம் கொடுத்தால் போதும், மற்ற இரண்டு காலுக்கும் இடையில் பெரிய மின்சாரம் ஓடும் என்று, கடையில் விளக்குகிறமாதிரி எல்லாம் விளக்கினேன். மகனுக்கும் இந்த வேலை தெரியுமோ என்று கேட்டார். என்னைவிட நல்லாச் செய்வான் ஐயா, கண்ணை மூடிக்கொண்டே பூட்டுவான் என்றேன். சரீப் என் முகத்தைப் பார்த்தார். அண்ணே, இதையும் சொல்லட்டா என்று மெதுவாகக் கேட்டார். ஓம் தம்பி, சொல்லுங்கோ என்றேன். சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த நாள் தம்பியைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், எந்த இடம் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை வீட்டில் இருக்கிறது, பிள்ளை உள்ளே இருக்கிறான். சரீப் எனக்கு யோசிக்க நேரம் தந்தார் மகள், றேடியோ பூட்டத் தெரிந்தவனுக்குக் குண்டும் பூட்டத் தெரியும் என்று எடுப்பார்கள் என்பதை நான்தான் யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது. அம்மாவுக்கு இது தெரியாது, பதிலை வீட்டுக்குப் போடாதே, கடை விலாசத்துக்குப் போடு. சாப்பாட்டைத் தவறவிடாதே, குஞ்சுக்குக் காதை மூடித் தொப்பி போடு.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நீ அங்கிருந்து செஞ்சிலுவைக்காரருக்கு உடனே எழுத வேண்டும். பற்றிக் பார்சல் தூக்கினவன் மட்டும்தான், அவனுக்கு ஒரு வேலையும் தெரியாது, தகப்பன் வயதுபோன மனிசன், பெருமைக்குச் சொன்னது என்று எழுது. அவன் ஒரு மொக்கன் என்று எழுது. இருபத்தாறு வருசமாக நான் அவனுடைய முகத்துக்கு நேரே சொல்லிவந்தது அதைத்தான், அன்றைக்கு மட்டும் அது என் வாயில் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. இக்னேசியஸ்