ரோட்டில் நிற்கவைத்த மகள்

கௌசல்யா அப்பாவுக்கு, திருப்பூரிலிருந்து இந்திராணி எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில், என்னோடு தைக்கிற செஞ்சிப் பெண் மலர் போனில் ஒரு வீடியோ காட்டினாள். "இன்னாக்கா, உங்க திண்டிவனம் ரோட்டுல பாவாடை கட்டின பேய் லாரிய நிறுத்துதாமே!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்து அதில் நீங்கள் வந்தீர்கள். "லாரி அடிச்சு செத்த எம்பொண்ணுதாங்க. அங்கதான் நின்னுக்கினு இருக்குது. நானே ரெண்டு வாட்டி பார்த்தேன்" என்கிறீர்கள்.

வருஷம் திரும்பினதும் சொம்புத் தண்ணீரில் கௌசல்யாவை அழைத்துவந்து, புதுப்பாவாடை வைத்துப் படைத்து, பூவாடைக்காரியாக, நம் வீட்டுத் தெய்வமாக உட்காரவைப்பதாகச் சத்தியம் செய்தீர்களே. அதை நம்பித்தானே வேலைக்கு வந்தேன்? பெற்ற நீங்களே அவளைப் பேயாக்கி ரோட்டில் நிறுத்திவிட்டீர்கள். லாரி ஹாரன் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவள் அவள்.

டிரங்குப் பெட்டியில் அவள் கட்டாத பச்சைப் பாவாடை இருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் பிடித்து நானே அவளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. பாவாடையோடு அவள் போட்டோவையும் வையுங்கள். உங்களுக்கு இனி அது எதற்கு?

கௌசல்யாவின் அம்மா