புளி போட்டுத் துலக்கிய காசுகள்

புதுக்கடை
அக்டோபர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெமி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். மழைதான் தேவைக்கு மேல். குவைத்தில் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இருமல் நின்றதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் உன் பிள்ளைகள் கேட்டுவிட்டு அடுத்த அழைப்பில் அவளிடம் அப்படியே ஒப்பிக்கிறார்கள். அதனால் கல்லூரியில், வகுப்பு இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவில் வந்திருக்கும் லிஜோ சனிக்கிழமை குவைத்துக்குத் திரும்பிப் போகிறான். அம்மா வறுத்த ஏத்தங்காய் உப்பேரியோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுவேன்.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கத்து ஓடு மாற்றியாயிற்று. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. ஆனாலும் கோவிலில் முழங்காலிட்டே தீருவேன் என்கிறாள். அப்பாவின் கல்லறையில் புல் வெட்டிவிட்டோம். ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்னால் வெள்ளையும் அடித்துவிடுவேன். கல்லூரியில் எனக்கு இந்த வருடமும் தற்காலிக ஆசிரியை வேலைதான்.

நீ கேட்ட வீடியோ வராது. எடுத்தேன். அழித்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

நீ அனுப்பிய பக்கங்களைப் பலமுறை படித்தேன். அந்த நாளில் தபால் வழியாகப் பழங்காசு விற்றவர்களைப் பற்றி, அவர்களிடம் வாங்கிச் சேர்த்தவர்களே கொச்சியிலிருந்து போடும் புத்தகம். ஆளுக்கொரு பக்கம். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. கல்கத்தாப் பெரியவர் ஒருவர். பட்டியலில் 'சுமார்' என்று அவர் எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாம், பிரித்தால் நல்ல காசு இருக்கும். பெங்களூர்க்காரர் நேர்மாறு. அவரிடம் எல்லாமே 'மிக நன்று'. வெல்வெட் பெட்டி, தங்க எழுத்தில் சான்றிதழ், பத்து வருடம் கழித்து நானே கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்வேன் என்ற வாக்கு. நம்பிக் கொண்டுபோனவர்களிடம், இது சுமார்தானே என்றாராம். விற்கும்போது ஒரு கண், வாங்கும்போது ஒரு கண்.

பிறகு நம் அப்பா. ரோஸ் காயின்ஸ், புதுக்கடை. உரிமையாளர் ஜான்ரோஸ். காசின் வருடத்தில் பொய் சொல்லாதவர். எடையில் பொய் சொல்லாதவர். திருப்பி அனுப்பினால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டவர். ஆனால் செம்புக் காசுகளைக் கழுவி விற்றவர். அந்த ஒன்றுக்காகவே சேகரிப்பாளர்கள் அவரைக் கைவிட்டார்கள். கடைசி வரியில் அவர்கள் வைத்த பட்டப்பெயர்: புளிக்காரர்.

பழைய செம்பின் மேல் காலம் ஏற்றிவைத்த கறுப்புத்தான் அதன் விலை. புளி பட்டால் காசு பளபளக்கும், விலை போய்விடும். சேர்க்கிறவர்கள் அப்படிப்பட்ட காசைத் தொடமாட்டார்கள். இதெல்லாம் எனக்கு உன்னால்தான் தெரிந்தது.

உன் கோபம் எனக்குப் புரிந்தது. நீ எழுதி வைத்திருக்கும் பதிலையும் படித்தேன். என் தந்தை தம் வாழ்நாளில் ஒரு காசின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிட்டதில்லை என்று தொடங்குகிறது. அதை மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும், சாட்சிக்கு அம்மாவின் பேச்சு வேண்டும் என்றாய். "ஏட்டி, அம்மைக்குத் தெரியாத ஒண்ணு அந்த வீட்டுல நடந்திருக்காது. அவளப் பேச வச்சு ஒரு வீடியோ அனுப்பு. பொறவு இவனுவ வாயத் திறக்கட்டு, பாக்கலாம்" என்றாய்.

எனக்கு நினைவிருப்பவை எல்லாம் துண்டுகள். உருகும் அரக்கின் மணம். துணிப் பொட்டலத்தைத் தைக்கும்போது அப்பாவின் உதட்டுக்குள் நிற்கும் நூல் நுனி. நடுவில் வட்டமாக ஜன்னல் வெட்டிய அட்டைகள். ஒவ்வொரு ஜன்னலிலும் சங்கு பொறித்த திருவிதாங்கூர்க் காசு. துர்க்காபூர், ஜபல்பூர், சேலம். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஊர்கள் எல்லாம் இன்றுவரை பார்க்காத ஊர்கள். வாங்குகிறவர் தபால்காரர் கையில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். வாங்கியவர்களில் சேகரிப்பாளர்கள் கொஞ்சம். பிள்ளையின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு என்று முதலீடாக வாங்கி வைத்தவர்கள்தான் மிகுதி. அரக்கு இறுகும்வரை அப்பா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். "நம்மள ஒருக்கலும் கண்டிராத மனுசன் நம்மள நம்புதான், பாத்தியா" என்பார். அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புகைப்படத்தின் முகமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து, அம்மாவுக்குச் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, போனைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்தேன். அண்ணன் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகத்துக்காகக் கேட்கிறான் என்றேன். "ஏட்டி, நைட்டியோடயா எடுக்க? சேலை மாத்தட்டு" என்று உள்ளே போனாள். வந்து உட்கார்ந்து, செயினை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அப்பா காசுகளைத் தண்ணீரில் போடுவாரா என்று கேட்டேன். நீ கேட்கச் சொன்னபடியே.

சிரித்தாள். "அவருக்கு எங்க அதுக்கு நேரம்? அதெல்லாம் எனக்க வேலையில்லியா மக்கா" என்றாள்.

நமக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, பெயர் வைப்பதற்குள் இறந்துபோன வருடமாம். அம்மா பாயைவிட்டு எழவில்லை. தலை வாரவில்லை. அப்பாதான் கஞ்சி வைத்தார். ஒரு நாள் அவர் தபாலாபீசுக்குப் போயிருந்தபோது, சேலத்துக்குப் போகவேண்டிய செம்புக் காசுகள் மேசையில் கிடந்தன. கறுத்து, களிம்பு பிடித்து. "பாத்துக்கிட்டே கிடந்தேன். அடுத்த வீட்டுல வாங்கின சட்டியக்கூட நாம தேய்ச்சுத்தான திருப்பிக் குடுப்போம். இது எங்கயோ ஒரு வீட்டுக்குப் போறது. அழுக்கோட அனுப்பினா அந்த வீட்டுப் பொம்பள நம்மளப் பத்தி என்ன நினைப்பா?"

எழுந்தாள். புளி கரைத்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளினாள். திருவிழாவுக்குக் குருசடி விளக்கைத் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தேய்த்து, அரிசி புடைக்கிற சொளவில் பரப்பி வெயிலில் வைத்தாள். அப்பா வந்தார். சொளவைப் பார்த்தார்.

"மனுசன் அப்பிடியே நின்னுட்டாரு. ஒரு மிண்டாட்டமும் இல்ல. பொறவு எனக்க பக்கத்துல வந்து இருந்து, 'ஞானம், உனக்க கை பட்டதும் எல்லாம் உதிச்சு வந்தது போல இருக்கே'ண்ணு பறஞ்சாரு. கண்ணு நெறஞ்சுட்டு அவருக்கு."

அதன்பிறகு அவள் கை படாமல் ஒரு செம்புப் பொட்டலமும் வீட்டைவிட்டுப் போகவில்லையாம். அந்தப் பளபளப்புக்காகவே ஆட்கள் நம்மிடம் வாங்கினார்கள் என்றாள். இதைச் சொல்லும்போது, அண்ணா, அவள் அழகாக இருந்தாள். வீடியோவில் அது இருந்தது.

நேற்று முத்துநாயகம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். அப்பாவின் பழைய நண்பர். பாத்திரக் கடையை மகன் பார்த்துக்கொள்ள, அவர் இப்போது ஓரத்தில் நாற்காலி போட்டு மழையைப் பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சு குலுங்கச் சிரித்தார். "பொண்டாட்டிக்குப் பயந்து சாராயத்த ஒளிச்சு வைக்கவன கண்டிருக்கேன். காசை ஒளிச்சவன் உனக்க அப்பன் ஒருத்தன்தான்" என்றார். அபூர்வமான காசு எது கிடைத்தாலும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவரமாட்டாராம். அண்ணாச்சியின் கடையில் வைத்து, அங்கிருந்தே தபாலுக்குக் கொண்டுபோவாராம். ஞானத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அதற்கு அப்பா சொன்னது: "அவ எழும்பி நடக்கா அண்ணாச்சி. காசு போனா போட்டு."

நீ சின்ன வயதில் ஒரு காசைச் சட்டையில் துடைத்ததற்கு அப்பா உன் கையில் அடித்ததைப் பதிலில் எழுதியிருக்கிறாய். "தொடாத, அதுக்க தோலு போவும்" என்றாராமே. யோசித்துப் பார். அடித்தது எங்கே? அண்ணாச்சியின் கடையில். வீட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா செய்தது சரி என்று சொல்லவரவில்லை. சேலத்தில் அந்த முதல் காசுகளைப் பிரித்தவர் யாரோ. மகளுக்காக வாங்கி வைத்திருப்பார். வருடங்கள் கழித்து விற்கப் போன இடத்தில் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். 'கழுவியது' என்று ஒரு சொல் எழுதி, விலையைக் குறைத்து அனுப்பியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பொட்டலச் சீட்டுகளை எழுதியது அம்மா. அப்பாவின் கையெழுத்து ஒருவருக்கும் விளங்காது என்று உனக்கே தெரியும். அந்தச் சொல்லை அவளிடம்தான் சொல்லி எழுதவைக்க வேண்டும்.

அவர் வேறு வழி எடுத்துக்கொண்டார். திரும்பி வந்த பொட்டலங்களை ஒரு கேள்வி இல்லாமல் வாங்கினார். அவை வரவர நம் கடை மெலிந்தது. கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுக்கப் போனார். இப்போது யாரும் பழங்காசு சேர்ப்பதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அவள் இன்றும் அதை நம்புகிறாள்.

இதோடு நின்றிருந்தால் உனக்கு ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்தாள்.

"மக்கா, அண்ணன்கிட்ட சொல்லு. நான் தேய்ச்சுக் குடுத்ததையும் அந்தப் பொஸ்தகத்துல ஒரு வரி போடச் சொல்லு. அவருக்க பேருக்கப் பக்கத்துல எனக்க பேரும் கிடக்கட்டு."

ஒரு வரி. அதைப் போட்டால் அப்பாவின் பெயர் தெளிந்துவிடும், நீ நினைத்ததைவிட நன்றாக. புளிக்காரர் இல்லை, மனைவிக்காக வாய் திறக்காதவர் என்பார்கள். கொச்சியில் கை தட்டுவார்கள். பிறகு யாராவது ஒருவர், அன்பாகவே, அம்மாவிடம் சொல்வார்: நீங்கள்தானா அது. அப்போது அவளுக்குப் புரியும், அன்று சொளவின் முன்னால் அவர் ஏன் பேசாமல் நின்றார் என்று. பொட்டலங்கள் ஏன் திரும்பி வந்தன என்றும்.

அதனால், அண்ணா, அந்தப் பதிலை அனுப்பாதே. அது உண்மை இல்லை. உண்மையையும் அனுப்பாதே. அப்பாவின் பக்கம் அவர்கள் எழுதியபடியே அச்சாகட்டும்.

உன்னிடம் கேட்பது எனக்குச் சுலபம். நீயும் காசு சேர்க்கிறவன். டிசம்பர் கூட்டத்தில் அவர்கள் நடுவில் போய் உட்காரவேண்டியவன் நீ. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் உன்னைப் 'புளி வாரிசு' என்று கேலி செய்வதையும் நீ சொல்லியிருக்கிறாய். நான் எங்கும் போகவேண்டியதில்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

முகவரி எழுதுவதற்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. புத்தகம் ஆங்கிலத்தில் வருகிறது, பக்கம் சின்னது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் காட்டச் சொன்னாள். காட்டுவேன். தன் பெயர் எங்கே என்று கேட்டால், ஏதோ ஒரு வரியைத் தொட்டுக் காட்டுவேன். அந்தப் பொய் என்னுடையதாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயாகக் காசுப் பேச்சை எடுக்காதே. அவளாக எடுத்தால், நன்றாகச் செய்தாய் அம்மா என்று சொல். குரல் மாறாமல் சொல். அவள் கூர்மையாகக் கேட்பவள். முடியாது என்று தோன்றினால் இந்த வாரம் கூப்பிடவே வேண்டாம். அண்ணனுக்கு டியூட்டி என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாதா உன்னையும் அண்ணியையும் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் தங்கை,
ஜெமி